அக்காவின் மகன் பெர்முடா முக்கோணத்தைக் கடக்கிறான்: பயப்பட வேண்டுமா?

உப்புவெளியைச் சேர்ந்த ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. அவருடைய அக்காவின் மகன் சரக்குக் கப்பலொன்றில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்திருக்கிறான். கப்பல் அடுத்ததாக நியூயோர்க்கிலிருந்து பனாமாக் கால்வாய்க்குப் போகிறது. "அது பெர்முடா முக்கோணத்துக்குள்ளால் அல்லவா போகும்" என்று யாரோ அக்காவிடம் சொல்லிவிட்டார்கள். அவர் கோணேசருக்கு நேர்த்தி வைத்துவிட்டு இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். போதாக்குறைக்கு, நமது ஊரின் பெயரே 'திரிகோணமலை', அதாவது முக்கோண மலை என்றும், ஆகவே நமது கடலுக்கும் அந்தக் கடலுக்கும் ஏதோ தொடர்பு இருக்கிறதென்றும் சொல்லும் காணொளி ஒன்று வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இவற்றில் எது உண்மை, எது கதை என்று விளக்கமாக எழுதும்படி கேட்டிருக்கிறார்.

நான் திருகோணமலையில் பிறந்து, வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் 24 ஆண்டுகள் வேலை செய்து, முதன்மை அதிகாரியாக ஓய்வுபெற்றவன். நியூயோர்க்குக்கும் பனாமாவுக்கும் இடையிலான அந்த வழியில் எத்தனை தடவை போய்வந்தேன் என்று எண்ணி வைக்கவில்லை. மை போன்ற கருநீலத் தண்ணீர், அதன்மேல் காற்றின் திசையில் நீள நீளக் கோடுகளாக மிதக்கும் மஞ்சள் நிறச் சார்காசோப் பாசி, பிற்பகலில் அடிவானத்தில் திரை விட்டதுபோல் இறங்கும் மழை ஆகியவைதான் நினைவில் நிற்கின்றன. இரவுக் காவலில் நின்றபோது அங்கே எனக்குப் பயம் வந்ததுண்டு. எதிரே வரும் கப்பல் நெருங்கிவிடுமோ என்ற பயம் அது. அமெரிக்காவின் கிழக்குக் கரைத் துறைமுகங்களுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் பனாமாவுக்கும் போகும் சரக்குக் கப்பல்களும், மியாமியிலிருந்து புறப்படும் உல்லாசப் பயணக் கப்பல்களும், பஹாமாஸுக்கு மீன்பிடிக்கப் போகும் சிறு படகுகளும் எல்லாமே அந்தக் கடலில்தான் ஓடுகின்றன.

முக்கோணம் என்று சொல்லப்படுவது மியாமி, பெர்முடாத் தீவு, புவேர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் ஆகிய மூன்று புள்ளிகளை இணைத்தால் கிடைக்கும் பரப்பு. நமது பாடப்புத்தக வழக்கில் அதை முக்கோணி என்றே சொல்ல வேண்டும். ஆனால் பெயர் முக்கோணம் என்றே நிலைத்துவிட்டது. ஏறக்குறைய 13 இலட்சம் சதுர கிலோமீற்றர், அதாவது இலங்கையைப் போல் இருபது மடங்கு. எந்தக் கடல் வரைபடத்திலும் இந்தக் கோடுகள் கிடையா. அமெரிக்காவின் புவியியற் பெயர்கள் சபை இப்படி ஓர் இடப்பெயரை ஏற்றுக்கொண்டதில்லை. அந்தக் கடலில் கப்பல்களும் விமானங்களும் தொடர்ந்து தொலைவதாக 1950இல் ஒரு செய்தி நிறுவனக் கட்டுரை எழுதியது. 1964 பெப்ரவரியில் ஆர்கசி என்ற அமெரிக்கச் சஞ்சிகையில் வின்சன்ட் காடிஸ் என்பவர் 'பெர்முடா முக்கோணம்' என்ற பெயரைச் சூட்டினார். கோடிட்டவரும் பெயரிட்டவரும் மாலுமிகள் அல்லர், எழுத்தாளர்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். அதன்பிறகு, கதைக்குப் பொருத்தமான ஒரு விபத்து கோட்டுக்கு வெளியே நடந்திருந்தால், கோடு கொஞ்சம் நகர்ந்து கொடுத்தது. 1872 டிசம்பரில் ஆளில்லாமல் மிதந்த நிலையில் கண்டெடுக்கப்பட்ட மேரி செலஸ்ட் என்ற பாய்மரக் கப்பல் இந்தப் பட்டியல்களில் தவறாமல் இடம்பெறும். அது கண்டெடுக்கப்பட்டதோ அசோர்ஸ் தீவுகளுக்கும் போர்த்துக்கலுக்கும் இடையில், அதாவது சமுத்திரத்தின் மறுகரைப் பக்கம்.

திரிகோணமலை விடயத்தை இங்கேயே முடித்துவிடுகிறேன். நமது ஊர்ப் பெயருக்கு முக்கோண மலை என்று பொருள் சொல்வோரும் உண்டுதான். ஆனால் சம்பந்தர் ஏழாம் நூற்றாண்டிலேயே 'கோணமாமலை' என்று பாடியிருக்கிறார். 1964இல் ஒரு சஞ்சிகை வைத்த பெயருக்கும் அதற்கும் என்ன தொடர்பு இருக்க முடியும்? நமது குடாவின் வாயிலேயே கடலுக்கடியில் ஒரு பெரும் பள்ளத்தாக்கு தொடங்கிச் சடுதியாக ஆழமாகிறது. அதனால்தான் வேறிடங்களில் பல மணி நேரம் படகில் போய்த் தேட வேண்டிய நீலத் திமிங்கிலங்களைக் கோணேசர் கோயில் நிற்கும் சுவாமி மலையில் நின்றபடியே காண முடிகிறது. நமது கடலின் அதிசயம் அது. கப்பலை விழுங்கும் வழக்கம் அதற்கு இல்லை.

இனி, பெர்முடாக் கதைகளின் தலைக்கதைக்கு வருவோம். 1945 டிசம்பர் 5ஆம் திகதி பிற்பகல் 2.10 மணிக்குப் புளோரிடாவின் போர்ட் லோடர்டேல் கடற்படை விமானத் தளத்திலிருந்து ஐந்து அவெஞ்சர் விமானங்கள் 14 பேருடன் பயிற்சிக்குப் புறப்பட்டன. 'பறப்பு 19' என்பது அந்த அணியின் பெயர். கிழக்கே போய்ப் பஹாமாஸ் அருகிலுள்ள ஒரு திட்டின்மேல் குண்டு போட்டுப் பழகி, மேலும் கிழக்கே சென்று, ஏறக்குறைய வடக்காகத் திரும்பி, கடைசியில் தென்மேற்காகத் தளத்துக்கு வந்து சேர வேண்டும். அணித்தலைவர் லெப்டினன்ட் சார்ள்ஸ் டெய்லர் போர் அனுபவம் உள்ளவர். ஆனால் மியாமித் தளத்திலிருந்து அண்மையில் மாற்றலாகி வந்தவர். புளோரிடாவின் தெற்கு நுனியில் சங்கிலிபோல் நீளும் கீஸ் தீவுகள்தான் அவருக்குப் பழக்கம். பிற்பகல் 3.40 மணியளவில், தம்முடைய இரண்டு திசைகாட்டிகளும் வேலை செய்யவில்லை என்றும், கீழே தெரிவது கீஸ் தீவுகள் என்று உறுதியாக நம்புவதாகவும் அவர் வானொலியில் சொன்னது மற்றொரு விமானியின் காதில் விழுந்தது.

அவர் கண்ட தீவுகள் பெரும்பாலும் பஹாமாஸ் தீவுகளே. இந்த ஒரு பிழைக்குள் முழு விபத்தும் அடங்கியிருக்கிறது. கீஸ் தீவுகளிலிருந்து தளம் வடகிழக்கே இருக்கிறது. பஹாமாஸிலிருந்து தளம் மேற்கே இருக்கிறது. மன்னார்க் கடலில் நிற்பதாக எண்ணிக்கொண்டு உண்மையில் திருகோணமலைக் கடலில் நிற்கும் ஒரு படகோட்டி, கரை கிழக்கே இருக்கிறதென்று இயந்திரத்தை முடுக்கினால் எங்கே போய்ச் சேர்வார்? டெய்லர் அதைத்தான் செய்தார். மேற்கே பறந்தால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று பயிற்சி விமானிகளில் ஒருவர் சொன்ன குரலும் கேட்டிருக்கிறது. ஆனால் படைக்கட்டுப்பாட்டில் அணித்தலைவரை விட்டு யாரும் பிரிந்து போவதில்லை. மாலை ஆறு மணியளவில் கரை நிலையங்கள் அவர்களின் வானொலி அலைகளைக் கொண்டு அவர்கள் பஹாமாஸுக்கு வடக்கே, புளோரிடாக் கரைக்குக் கிழக்கே இருப்பதாகக் கணித்தன. அந்தக் கணிப்பு அவர்களைச் சென்றடையவில்லை. வானிலை கெட்டது, இருட்டியது, 7.04 மணிக்குக் கேட்ட குரலுடன் தொடர்பு நின்றது. நாலரைத் தொன்னுக்கு மேல் எடையுள்ள அந்த விமானம், கொந்தளிக்கும் கடலில் எரிபொருள் தீர்ந்து இறங்கினால், மூழ்குவதற்கு ஒரு நிமிடம் போதும்.

தேடப் போன விமானமும் மறைந்தது என்பதுதான் கதையின் உச்சம். 7.27 மணிக்குப் புறப்பட்ட மரினர் என்ற அந்தக் கடல் விமானத்தில் 13 பேர் இருந்தனர். அந்த வகை விமானத்தின் உள்ளே பெற்றோல் ஆவி தேங்கும் என்பதால் விமானிகளே அதைப் 'பறக்கும் பெற்றோல் தாங்கி' என்று கேலி செய்வதுண்டு. 7.50 மணிக்கு கெயின்ஸ் மில்ஸ் என்ற கப்பலில் இருந்தவர்கள் கடலில் பெருந்தீ எழுந்ததைக் கண்டார்கள். அருகே போனபோது தண்ணீரில் எண்ணெய் படர்ந்திருந்தது. வெடித்த விமானத்தை 'மறைந்த விமானம்' என்று எழுதுபவர்கள் இந்தக் கப்பலைப் பற்றி வாய் திறப்பதில்லை. 'எல்லாமே விசித்திரமாகத் தெரிகிறது, கடல்கூட இருக்க வேண்டியபடி இல்லை' என்று டெய்லர் சொன்னதாக எல்லாக் காணொளிகளிலும் வருகிறதே, அந்த வசனம் கடற்படை விசாரணைப் பதிவில் இல்லை. பிற்காலத்தில் ஒரு சஞ்சிகைக் கட்டுரை வழியாக நுழைந்த வசனம் அது.

கடற்படை முதலில் அணித்தலைவரின் தடுமாற்றமே காரணம் என்று எழுதியது. அவருடைய தாயார் அதை ஏற்கவில்லை. விமானங்களும் கிடைக்கவில்லை, உடலும் கிடைக்கவில்லை, எதை வைத்து என் மகன்மேல் பழி போடுகிறீர்கள் என்பது அவருடைய வாதம். அவர் விடாது போராடியதால், காரணம் அறியப்படவில்லை என்று அறிக்கை திருத்தப்பட்டது. காணாமற்போதல் என்ற சொல்லின் கனம் நமது மாவட்டத்துத் தாய்மாருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்தத் தாயை நான் ஒருபோதும் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அவருக்காக எழுதப்பட்ட அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, 'அமெரிக்கக் கடற்படையே காரணம் தெரியாது என்று ஒப்புக்கொண்டது' என்று சந்தையில் விற்றவர்களைக் குறை சொல்லியே ஆக வேண்டும்.

திசைகாட்டி பழுதானதற்குக் கடலின் மர்மச் சக்தி காரணமா என்ற கேள்வி இங்கே எழும். திசைகாட்டி முள் காட்டுவது காந்த வடக்கு. வரைபடத்தில் இருப்பது உண்மை வடக்கு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இடத்துக்கு இடம் மாறும். ஆண்டுக்கு ஆண்டும் சிறிது மாறும். இரண்டு வடக்கும் ஒன்றாகிவிடும் கோடு ஒரு காலத்தில் அந்தப் பகுதியூடாகப் போனது உண்மைதான். ஆனால் மாலுமிக்கு அது வசதியே தவிர ஆபத்தன்று, ஏனென்றால் அங்கே கூட்டிக் கழிக்கும் வேலை இல்லை. 1492இல் கொலம்பஸ் இந்த வித்தியாசம் மாறுவதைச் சமுத்திரத்தின் நடுவிலேயே கவனித்தார்; அவருடைய மாலுமிகள் பயந்தார்கள், கப்பல் போய்ச் சேர்ந்தது.

திசைகாட்டி 'பைத்தியம் பிடிப்பதை' நான் நேரிலேயே கண்டிருக்கிறேன், அதுவும் நமது கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில். பல நாள் படகொன்றின் ஓட்டி, "ஐயா, மூன்று நாளாக் கொம்பஸ் பிழையாக் காட்டுது, ஆழ்கடலிலே ஏதோ இழுக்குது" என்று என்னைக் கூட்டிக்கொண்டு போனார். சுக்கான் அறைக்குள் குனிந்து பார்த்தேன். திசைகாட்டிக் கிண்ணத்துக்கு ஒரு சாண் தள்ளி, பலகையில் ஆணி அடித்து, பாட்டுக் கேட்பதற்கென்று புதிதாக ஓர் ஒலிபெருக்கி பொருத்தியிருந்தார்கள். ஒலிபெருக்கிக்குள் காந்தம் இருக்கிறது. அதைக் கழற்றி வெளியே கொண்டுபோனதும் திசைகாட்டியின் பாகை அட்டை மெதுவாகச் சுழன்று பதினைந்து பாகைக்கு மேல் நகர்ந்து நின்றது. பதினைந்து பாகைப் பிழையோடு நூறு கடல் மைல் ஓடினால் ஏறக்குறைய இருபத்தாறு மைல் விலகிப் போய்விடுவீர்கள். ஓட்டி சிறிது நேரம் பேசாமல் நின்றார். பிறகு ஒலிபெருக்கி வாங்கி வந்த பையனைத் தேடிக்கொண்டு போனார்.

அடுத்த பெரிய கதை சைக்ளொப்ஸ். அமெரிக்கக் கடற்படையின் இந்தக் கப்பல் 1918 மார்ச்சில் 306 பேருடன் தொலைந்தது. பிரேசிலிலிருந்து மங்கனீசுத் தாது ஏற்றிக்கொண்டு பால்ட்டிமோருக்குப் புறப்பட்டு, வழியில் பார்படோஸைத் தொட்டு, மார்ச் 4ஆம் திகதி அங்கிருந்து கிளம்பியது. பிறகு எந்தச் செய்தியும் இல்லை. இதைப் புரிந்துகொள்ளப் புல்மோட்டை கனிய மணல் ஏற்றிய லொறியைப் பார்த்தவர்களுக்குச் சிரமமில்லை. பெட்டி நிரம்பியிருக்காது, ஆனால் டயர்கள் நசுங்கியிருக்கும். ஆற்று மணல் ஏற்றிப் பழகிய சாரதி, இன்னும் இடமிருக்கிறதே என்று கனிய மணலை மேலே மேலே போட்டால் அச்சு முறிந்துவிடும். சைக்ளொப்ஸ் நிலக்கரி ஏற்றுவதற்காகக் கட்டப்பட்ட கப்பல். மங்கனீசுத் தாது நிலக்கரியைவிடப் பலமடங்கு அடர்த்தியானது. அதில் பத்தாயிரம் தொன்னுக்கு மேல் ஏற்றியிருந்தார்கள். சரக்கறையின் அடியில் சிறிய குவியலாகக் கிடக்கும் அந்தச் சரக்கு புயலில் ஒரு பக்கம் சரிந்தால், கப்பல் நிமிர்வதற்கு வழியில்லை. போதாததற்கு, அதன் இரண்டு இயந்திரங்களில் ஒன்று ஏற்கெனவே உடைந்திருந்தது. அதே வடிவில் கட்டப்பட்ட சகோதரக் கப்பல்களான புரோட்டியஸ், நீரியஸ் இரண்டும் 1941 இறுதியில் வேறொரு கனத்த தாதுவான போக்சைட்டை ஏற்றிக்கொண்டு போனபோது தொலைந்தன. மூன்று கப்பல்களுக்கும் பொதுவாக இருந்தவை உடற்கட்டமைப்பும் சரக்கும்தான் என்பது என் துணிபு.

இதனுடன் நமது பக்கத்துக் கதையொன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஹேர்மிஸ் என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ஜப்பானியத் தாக்குதல் வரப்போவதாகக் கிடைத்த எச்சரிக்கையால் 1942 ஏப்ரல் 8ஆம் திகதி நமது துறைமுகத்தை விட்டு வெளியேறியது. மறுநாள் காலை மட்டக்களப்புக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் அதைக் கண்டுபிடித்துச் சில நிமிடங்களில் மூழ்கடித்தன. இறந்தவர்கள் 307 பேர், சைக்ளொப்ஸை விட ஒருவர் அதிகம். ஆனால் விற்றா என்ற மருத்துவக் கப்பல் அருகே வந்து ஏறக்குறைய 600 பேரைத் தூக்கியெடுத்தது. சாட்சிகள் இருந்தார்கள், இடம் தெரிந்தது. இன்று சுழியோடிகள் இறங்கி அந்தக் கப்பலைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். சைக்ளொப்ஸிலிருந்து ஒருவர், ஒரே ஒருவர், மிதந்து கரைசேர்ந்திருந்தால் அந்தப் பெயர் இன்று எந்தக் காணொளியிலும் வந்திராது.

கொட்டோபாக்சியின் கதையும் இதையே காட்டுகிறது. 1925 நவம்பர் இறுதியில் நிலக்கரியுடன் சார்ள்ஸ்டனிலிருந்து ஹவானாவுக்குப் புறப்பட்ட இந்தக் கப்பல் 32 பேருடன் 'மறைந்தது' என்று எழுதினார்கள். உண்மையில் அது தண்ணீர் புகுந்து சாய்கிறது என்று வானொலியில் உதவி கேட்டிருந்தது. அதன் சிதைவு புளோரிடாவின் சென்ட் ஓகஸ்டின் கரைக்கு அப்பால் பல ஆண்டுகளாகவே சுழியோடிகளுக்குத் தெரிந்த இடத்தில் கிடந்தது. அது கொட்டோபாக்சிதான் என்று 2020இல் உறுதிசெய்தார்கள். இதற்கிடையில் 2015இல், '90 ஆண்டுகளுக்குப் பின் ஆளில்லாமல் கியூபாவுக்கு அருகே திரும்பி வந்த கப்பல்' என்ற செய்தி உலகெங்கும் பரவியது. தமிழிலும் நீங்கள் வாசித்திருப்பீர்கள். அது பொய்ச் செய்திகளை வேடிக்கைக்காக எழுதும் ஒரு தளத்தின் கற்பனை.

எழுபதுகளில் இந்தக் கதைகள் நூல்களாகி இலட்சக்கணக்கில் விற்றுக்கொண்டிருந்தபோது, அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக நூலகத்தில் வேலை செய்த லாரி குஷே என்பவர், எவரும் செய்யாத மிக எளிய வேலையொன்றைச் செய்தார். ஒவ்வொரு விபத்தும் நடந்த திகதிக்குரிய பழைய நாளிதழ்களையும் வானிலைப் பதிவுகளையும் விசாரணை அறிக்கைகளையும் வரவழைத்து வாசித்தார். 'கண்ணாடிபோல் அமைதியான கடல்' என்று நூல்களில் இருந்த நாட்களில் புயல் வீசியிருந்தது. முக்கோணத்தில் தொலைந்ததாகச் சொல்லப்பட்ட ஃபிரேயா என்ற கப்பல் 1902இல் கைவிடப்பட்டது பசிபிக் சமுத்திரத்தில். 1975இல் அவர் இவற்றை வெளியிட்ட பிறகும் கதை ஓயவில்லை. நூலகரின் பொறுமைக்குச் சந்தையில் விலை குறைவு.

எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. 1948 ஜனவரி 30ஆம் திகதி அசோர்ஸிலிருந்து பெர்முடாவுக்கு வந்துகொண்டிருந்த ஸ்டார் டைகர் என்ற பிரித்தானியப் பயணிகள் விமானம் 31 பேருடன் தொலைந்தது. எதிர்க்காற்றைத் தவிர்ப்பதற்காக வெறும் 2,000 அடி உயரத்தில் அது பறந்தது என்பது தெரியும். கடைசி நிமிடத்தில் என்ன நடந்தது என்பது விசாரணையில் வெளிவரவில்லை. 1949 ஜனவரி 17ஆம் திகதி அதே நிறுவனத்தின் ஸ்டார் ஏரியல் 20 பேருடன் பெர்முடாவிலிருந்து ஜமெய்க்காவுக்குப் போகும் வழியில், நல்ல வானிலையில் தொலைந்தது. இரண்டும் ஒரே வகை, டியூடர் விமானங்கள். அதன்பின் அந்த வகையைப் பயணிகள் சேவையிலிருந்து விலக்கினார்கள். கடலைக் குற்றம் சொல்வதைவிட, விமானத்தையே சந்தேகித்த அவர்களுடைய முடிவு எனக்குச் சரியாகப் படுகிறது. எட்டாயிரம் மீற்றர் ஆழம்வரை போகும் புவேர்ட்டோ ரிக்கோ அகழி உள்ள கடலில், எங்கே விழுந்தது என்றே தெரியாத ஓர் அலுமினியக் கூட்டை எங்கே போய்த் தேடுவது? 2014 மார்ச் 8ஆம் திகதி நமது இந்து சமுத்திரத்தில் 239 பேருடன் தொலைந்த மலேசிய விமானத்தை, செய்மதிகள் நிறைந்த இந்தக் காலத்திலும் கண்டுபிடிக்க முடியவில்லை. அதன் இறக்கைத் துண்டொன்று ஓராண்டுக்கு மேல் மிதந்து றியூனியன் தீவில் ஒதுங்கியது.

அந்தக் கடலில் ஆபத்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. வளைகுடா நீரோட்டம் என்னும் பெரும் ஆறு புளோரிடாக் கரையை ஒட்டி வடக்கே ஓடுகிறது. சில இடங்களில் மணிக்கு ஒன்பது கிலோமீற்றர் வேகம்வரை வரும். இயந்திரம் நின்ற சிறு படகு ஒரு நாளில் நூறு மைல் தள்ளிப் போய்விடும். தேடுபவர்கள் பழைய இடத்திலேயே தேடிக்கொண்டிருப்பார்கள். வடக்கிலிருந்து பலத்த காற்று இந்த நீரோட்டத்துக்கு எதிராக வீசும்போதுதான் உண்மையான தொல்லை. நமது மீனவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை: நீர் ஒரு பக்கம் வலிக்க, வாடை எதிர்ப்பக்கம் தள்ளினால் அலை படுக்காது, சுவர்போல் எழும்பி நிற்கும். பஹாமாஸைச் சுற்றிய ஆழமற்ற திட்டுகள் இன்னொரு தொல்லை. இவற்றுக்கு மேலே, ஜூன் முதல் நவம்பர் வரை சூறாவளிக் காலம். கடலடியிலிருந்து மீதேன் வாயு பொங்கிக் கப்பலை அமிழ்த்துகிறது என்ற கருத்து ஆய்வுகூடத் தொட்டியில் சாத்தியம்தான்; ஆனால் அந்தப் பகுதியில் கடந்த 15,000 ஆண்டுகளில் அப்படிப் பெரிய வெளியேற்றம் நடந்ததற்கு அடையாளம் இல்லை என்று அமெரிக்கப் புவியியல் அளவைத் துறை சொல்லியிருக்கிறது. அறுகோண முகில், கடலில் மூழ்கியதாகக் கதையில் வரும் அத்லாந்திசின் பளிங்குக் கற்கள், பறக்கும் தட்டுகள் என்றெல்லாம் சொல்லப்படும் காரணங்களைப் பற்றி எழுத எனக்குப் பொறுமையில்லை.

2015 ஒக்டோபர் 1ஆம் திகதி எல் ஃபாரோ என்ற சரக்குக் கப்பல் புளோரிடாவிலிருந்து சான் ஹுவானுக்குப் போகும் வழியில், முக்கோணத்தின் உள்ளேயே, 33 பேருடன் மூழ்கியது. 1918இல் நடந்திருந்தால் அது இன்னொரு சைக்ளொப்ஸ். ஆனால் 4,600 மீற்றர் ஆழத்தில் கிடந்த கப்பலைக் கண்டுபிடித்து, 2016இல் அதன் பயணத் தரவுப் பதிவுக் கருவியை மேலே எடுத்து, கப்பலைச் செலுத்தும் இடமான ஆணைமேடையில் 26 மணி நேரம் பேசப்பட்டவற்றைக் கேட்டு எழுதினார்கள். வாக்கீன் சூறாவளியின் பாதை பற்றிப் பழைய வானிலைத் தகவலை நம்பியது, வழியை மாற்றலாமா என்று இளைய அதிகாரிகள் தயங்கித் தயங்கிச் சொன்னது, சரக்கறையில் தண்ணீர் புகுந்து கப்பல் சாய்ந்தது, சாய்வினால் இயந்திரத்துக்கு மசகெண்ணெய் போகாமல் அது நின்றது என ஒவ்வொன்றும் அந்தப் பதிவிலும் விசாரணையிலும் வெளிவந்தன. அந்த எழுத்துப் பிரதியை வாசித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த ஆணைமேடை போன்ற ஓரிடத்தில்தான் என் ஆயுளின் பாதி போனது. அதை யாரும் மர்மம் என்று சொல்வதில்லை.

ஜப்பானுக்குத் தெற்கே 'பிசாசுக் கடல்' என்று இன்னொன்றைச் சொல்வார்கள். 1952 செப்டெம்பரில் அங்கே கையோ மாரு 5 என்ற ஆய்வுக் கப்பல் 31 பேருடன் அழிந்தது. கடலடி எரிமலையொன்றை ஆராயப் போன கப்பல் அது, எரிமலை வெடித்தது. அவ்வளவுதான்.

இப்போது உங்கள் அக்காவுக்கு. லண்டன் லொயிட்ஸ் காப்புறுதிச் சந்தை, ஒரு கப்பலின் கீலில் துரு இருந்தால்கூடக் கட்டணத்தைக் கூட்டுகின்ற இடம். முக்கோணத்தைக் கடப்பதற்கென்று அங்கே தனிக் கட்டணம் கிடையாது. கோணேசருக்கு வைத்த நேர்த்தியை அவர் நிறைவேற்றட்டும், அதில் தவறேதும் இல்லை. நீங்கள் மருமகனிடம் கேட்க வேண்டியவை வேறு. கப்பல் நியூயோர்க்கை விட்டு எந்த மாதம் கிளம்புகிறது? ஓகஸ்ட், செப்டெம்பர், ஒக்டோபர் என்றால், சூறாவளி அறிவிப்பை அவனே நாள்தோறும் பார்க்கப் பழக வேண்டும். பயிற்சி அதிகாரி என்பதற்காகக் கண்டதைச் சொல்லாமல் இருந்துவிடக் கூடாது. கப்பலுக்கு வயது என்ன, சரக்கறை மூடிகள் இறுக்கமாக மூடுகின்றனவா, உயிர்காப்புப் படகுப் பயிற்சி ஒழுங்காக நடக்கிறதா என்பவற்றையும் கேளுங்கள். அவன் பதில் சொல்லும் விதத்திலேயே கப்பலின் நிலை உங்களுக்குத் தெரிந்துவிடும். கப்பல் மூழ்கினால் தானே விடுபட்டு மிதந்து செய்மதிக்கு இடத்தை அறிவிக்கும் கருவியொன்று ஆணைமேடைக்கு வெளியே பொருத்தப்பட்டிருக்கும். சைக்ளொப்ஸில் அப்படி ஒன்று இருக்கவில்லை.

கடைசியாக ஒன்று. கப்பலின் பெயரைப் போட்டு அது எங்கே போகிறது என்று கைத்தொலைபேசியில் பார்க்கும் செயலியை அக்காவுக்கு யாராவது கட்டாயம் காட்டிக்கொடுப்பார்கள். இலவசமாகக் கிடைக்கும் செயலிகள் பெரும்பாலும் கரையிலுள்ள வாங்கிகளையே நம்பியிருக்கின்றன; கரையிலிருந்து நாற்பது, ஐம்பது மைலுக்கு அப்பால் கப்பல் போனதும் அந்தச் சிறு அம்புக்குறி அசையாமல் நின்றுவிடும், அல்லது திரையிலிருந்தே போய்விடும். பெர்முடாவுக்கும் பஹாமாஸுக்கும் இடையிலான கடலிலும் அது அப்படியேதான் இருக்கும். இதை அவரிடம் இன்றைக்கே சொல்லி வையுங்கள். கப்பல் மறுபடி ஒரு கரையை நெருங்கும்போது அது மறுபடி தெரியலாம்.